வரலாற்று மாணவருக்கு எந்தக் கணினி?

கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு மறுபடியும் கையில் எடுத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கியது. மேல்மலையனூர், வல்லம், அவலூர்ப்பேட்டை பக்கத்துக் கிராமங்களிலிருந்து விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்குப் பேருந்தேறி வந்து படிக்கிற பலருக்கு, வீட்டுக்குள் நுழையும் முதல் கணினி இதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று கணினி அறிவியல் மாணவருக்குச் சொல்லித்தர ஆறு பருவங்கள் இருக்கின்றன. தமிழோ வரலாறோ வணிகவியலோ எடுத்தவருக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தாள். பல ஆயிரம் கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று பயன்படுமா, அலமாரிக்குப் போகுமா என்பது அந்த ஒரு தாளைத்தான் நம்பியிருக்கிறது.

அந்தத் தாளுக்குப் பல பெயர்கள். பட்டப் படிப்பின் பகுதி நான்கில் துறை சாரா விருப்பப் பாடமாக (நான்-மேஜர் எலெக்டிவ்) வரும், மாணவர்கள் 'என்.எம்.இ. பேப்பர்' என்பார்கள். திறன் மேம்பாட்டுத் தாளாக வரும். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகவும் அலுவலக மென்பொருள் பாடம் கலைக் கல்லூரிகளுக்குள் வந்தது. பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: கணினியின் ஐந்து தலைமுறைகள், ரேமுக்கும் ரோமுக்கும் உள்ள வேறுபாடு, வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட். பருவத்தின் முடிவில் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு. இந்தத் தாள் பாடத்திட்டத்தில் இருக்கிறதே என்பதே நமக்குப் போதுமானதாகிவிட்டது. அது யாருக்காக, எதைக் கொண்டு கற்பிக்கப்படுகிறது, எப்படிச் சோதிக்கப்படுகிறது என்ற மூன்றையும் மாற்றாமல் எத்தனை லட்சம் கருவிகள் கொடுத்தாலும் பலன் பாதிதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ரெக்கார்டு நோட்டில் நடக்கும் கணினி

ரெக்கார்டு நோட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை விளங்கும். 'மெயில் மெர்ஜ் செய்தல்' என்று தலைப்பு. அதன்கீழ் நோக்கம், செய்முறை, முடிவு. எந்த மெனுவைத் திறக்க வேண்டும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பன்னிரண்டு படிகள் அழகான கையெழுத்தில் இருக்கும். கோடில்லாத இடப்பக்கத்தில், திரையில் தெரிய வேண்டியது பென்சிலால் கட்டம் கட்டி வரையப்பட்டிருக்கும். கடைசி வரி எல்லா நோட்டிலும் ஒன்றே: செயல்முறை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது. அன்று மின்சாரம் இருந்ததா, ஐந்து பேருக்கு ஒரு கணினி கிடைத்ததா, எழுதியவர் விசைப்பலகையைத் தொட்டாரா என்பது அந்த வரியில் தெரியாது. ஆசிரியரின் கையொப்பம் விழுந்துவிட்டால் அகமதிப்பீடும் முடிந்தது. எட்டுப் போடச் சொல்லாமல், எட்டுப் போடுவது எப்படி என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லி ஓட்டுநர் உரிமம் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

விளைவு பட்டம் வாங்கிய பிறகு தெரிகிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம் 20 முதல் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும், கையொப்பம் அதைவிடச் சிறிதாக. பட்டதாரி பிரௌசிங் சென்டருக்குப் போகிறார். கடைக்காரரே மின்னஞ்சல் முகவரி உருவாக்குகிறார், கடைக்காரரே கடவுச்சொல் வைக்கிறார், அதைத் தன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை விண்ணப்பிக்க அதே கடையைத் தேடி வர வேண்டும். கடை மூடிவிட்டால் கணக்கும் போயிற்று. கல்லூரியில் சேர விண்ணப்பம், உதவித்தொகை, சாதிச் சான்று, வேலைவாய்ப்புப் பதிவு என்று எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட மாநிலத்தில், பட்டதாரி ஒவ்வொரு முறையும் 50 ரூபாயோ 100 ரூபாயோ கொடுத்து இன்னொருவர் விரல்களை வாடகைக்கு எடுக்கிறார். தேர்வில் ரேம் என்றால் என்ன என்பதற்குச் சரியான விடை எழுதியவர்தான் இவரும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா, பிறந்ததே போனோடுதானே" என்பார்கள். இதற்குக் கணக்கே பதில் சொல்கிறது. ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதுள்ளோரிடம் நடத்தப்பட்ட 'ஏசர் 2023' ஆய்வில், ஏறத்தாழ 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. கணினி இருந்த வீடுகள் 9 சதவீதம் மட்டுமே. வீட்டில் கணினி உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்கு அதை இயக்கத் தெரிந்தது. இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தெரிந்தது. சொந்தமாகப் போன் வைத்திருக்கும் பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகளில் பாதிக்கும் குறைவு. அதற்கு முன் 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, ஊரகத்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேரே கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் என்றது. போனில் ரீல்ஸ் தள்ளிப் பழகிய விரலுக்குக் கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, அதை எப்படிப் பெயர் மாற்றுவது, ஒரே கடிதத்தின் இரண்டு வடிவங்களில் எது பிந்தையது என்பதெல்லாம் தானாக வந்துவிடுவதில்லை. போன் இவற்றையெல்லாம் மறைத்துவைப்பதால்தான் அவ்வளவு எளிதாக இருக்கிறது.

அப்படியானால் கணினியைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? இதையும் உலகம் சோதித்துப் பார்த்துவிட்டது. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்று பெரிய திட்டம் நடந்தது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கருவிகள் வந்தன, பயன்பாடும் கூடியது. கணக்கிலும் மொழியிலும் மாணவர்களின் தேர்ச்சி கூடவில்லை. நம் மாநிலத்திலேயே 2011-இல் தொடங்கிய பழைய திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் மடிக்கணினிகள் கொடுத்திருக்கிறோம். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணினியில் தானே முட்டிமோதிக் கற்று வேலைக்குப் போனவர்கள் ஏராளம். தானாகக் கற்கத் துணிந்தவர் போக மற்றவர்களுக்குத்தான் பாடம் தேவைப்படுகிறது.

அட்லாண்டாவில் தோற்றவர்கள்

கணினித் துறைக்கு வெளியே உள்ள மாணவர்களுக்குக் கணினி கற்பிப்பதில் எது வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1999-இல் அங்கே எல்லாத் துறை மாணவர்களும் ஒரு நிரலாக்கப் பாடம் படித்தே ஆக வேண்டும் என்று விதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம். பொறியியல் பிள்ளைகள் தேறினார்கள். கட்டடக்கலை, மேலாண்மை, சமூக அறிவியல் மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே தேறினார்கள். மாணவர்களுக்கு மூளை போதாது என்று முடிவு கட்டி விட்டுவிட்டிருக்கலாம். 2003-இல் மார்க் கஸ்டியால் என்ற பேராசிரியர் பாடத்தை மாற்றினார். நிரலாக்கத்தின் அடிப்படைகள் அவையேதான். பயிற்சிக் கணக்குகள் மட்டும் வேறு. பகா எண் கண்டுபிடிப்பதற்குப் பதில் ஒரு புகைப்படத்தின் நிறத்தை மாற்றுவது, ஒலியைத் திருப்பி ஓடவிடுவது. அதே வகை மாணவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேர் தேறினார்கள்.

பாடத்தை நீர்க்கச் செய்தால் தேர்ச்சி கூடத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கஸ்டியாலே இதைப் பின்னாளில் எடைபோட்டிருக்கிறார்: மாணவர் பாடத்தை விட்டு ஓடாமல் இருப்பதற்குச் சான்று வலுவானது, அதிகமாகக் கற்றார் என்பதற்கு அத்தனை வலுவில்லை என்பதே அவர் வந்து சேர்ந்த இடம். ஆகவே சொந்தத் துறையின் எடுத்துக்காட்டுகள் மந்திரம் போட்டுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஆனால் வகுப்பை விட்டுப் போய்விட்டவருக்கு எதையும் கற்பிக்க முடியாது. மாணவரை இருக்கையில் இருத்திவைப்பது முதல் வெற்றி. நல்ல தேர்வு முறை அடுத்தது.

இவ்வளவு தூரம் போகாமலே அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம். கட்டுமானமோ இயந்திரவியலோ எடுத்த மாணவரும் முதலாண்டில் பைத்தான் படிக்க வேண்டும். 2017 ஒழுங்குமுறையின் ஆய்வகப் பட்டியல் இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியில் தொடங்கி, வரிசைப்படுத்தல், பகா எண்கள், அணிப் பெருக்கல் என்று போனது. கணினிக்காரருக்கு இவை இயல்பான பயிற்சிகள்; சிமென்ட் கலவையைப் பற்றிக் கற்க வந்தவருக்கு, மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய ஐம்பது வரிகள். 2021 ஒழுங்குமுறையில் பட்டியலின் முதல் வரியே மாறிவிட்டது: மின்கட்டணம், மளிகைக் கடை ரசீது, இரும்புக் கம்பியின் எடை, மும்முனை மின்சுற்றின் மின்னோட்டம். கட்டடம் கட்டத் தேவையான பொருள்களும் காரின் உதிரிப் பாகங்களும் பட்டியல்களாக உள்ளே வந்தன. பொறியியலில் நான்கு ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம் கலைக் கல்லூரிக்குள் ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம்தான் தென்படுகிறது. கலை மாணவரின் கணினித் தாளை யாரும் தன்னுடையதாகக் கருதவில்லை. கணினித் துறைக்கு அது ஓரமான வேலை. வரலாற்றுத் துறைக்கு அது அடுத்த துறையின் தாள்.

கோட்டையும் களமும்

செஞ்சியை எடுத்துக்கொண்டே பார்ப்போம். 2022-இல் அரசு புதிதாகத் தொடங்கிய கலை, அறிவியல் கல்லூரிகளில் செஞ்சிக்கும் ஒன்று கிடைத்தது. 2025 ஜூலையில் மராத்தியரின் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி. பொருள் இங்கே குவிந்து கிடக்கிறது. வரலாற்று மாணவரிடம் எக்செலைக் கொடுத்து, கோட்டை கைமாறிய ஆண்டுகளை அட்டவணையாக்கச் சொல்லலாம்: 1649-இல் பிஜப்பூர், 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். ஆண்டு எண்ணை மட்டும் இட்டால் சிக்கல் இல்லை. முழுத் தேதியை இட்டதும் அட்டவணை முரண்டுபிடிக்கும். எக்செலுக்கு நாள்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எந்தத் தேதியையும் அது தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். சிவாஜி செஞ்சிக்கு வந்த நாளுக்கும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் செஞ்சி வரும் நாளுக்கும் இடைவெளி கேட்டால் பிழை என்று காட்டும். தரவின் வகை என்று பாடநூலில் இரண்டு பக்கம் படித்தும் ஏறாதது, இந்த ஒரு பிழையில் ஏறிவிடும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பத்திகளாகப் பிரித்து வைத்துச் சமாளிக்கும் மாணவர், கணினி எதைப் புரிந்துகொள்கிறது, எதைப் புரிந்துகொள்வதில்லை என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

வணிகவியல் மாணவருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே நெல்லுக்கு விலை 75 கிலோ மூட்டைக்குச் சொல்லப்படும். அரசின் கொள்முதல் விலையோ குவிண்டாலுக்கு: 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு 40 கிலோ. சன்ன ரகத்துக்கு மூட்டைக்கு 1,908 ரூபாய் 75 காசுக்குக் கீழே ஏலம் போனால் அரசு விலையைவிடக் குறைவு என்று ஒரு சூத்திரம் சொல்லிவிடும். ஒரு மாத வரத்தையும் விலையையும் அட்டவணையில் இட்டு, எந்தெந்த நாள்களில் விவசாயிக்குக் குறைந்தது என்று நிறம் காட்டச் சொன்னால், அந்தப் பிள்ளை மாலையில் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேச ஒரு செய்தி இருக்கும். பாடநூலில் வரும் 'ஏபிசி நிறுவனத்தின் சம்பளப் பட்டியல்' யாரிடமும் பேசத் தக்கதல்ல. தாவரவியல் மாணவருக்கு அருகிலேயே பக்கமலைக் காடு இருக்கிறது.

தமிழ் மாணவரின் கதை கொஞ்சம் வேறு, கொஞ்சம் வேதனையானதும்கூட. கணினித் தாளில் தமிழ் என்ற சொல்லே வருவதில்லை. போனில் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிப் பழகியவர், அரசு அலுவலகத்துக்கோ அச்சகத்துக்கோ போனால் வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பைக் கையில் கொடுப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து ஏதோ சங்கேத மொழி போலத் தெரியும். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. தமிழ்99 விசைப்பலகை 1999-இலேயே தரமாக அறிவிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தும், தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெறுபவர் இவ்விரண்டையும் கேள்விப்படாமல் வெளியே போக முடிகிறது. மின்னஞ்சலின் வரலாற்றுக்கு ஒதுக்கும் மூன்று மணி நேரத்தை இதற்குக் கொடுத்தால் போதும். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஒரு காப்பியத்தை இறக்கி, ஒரு சொல் எத்தனை இடத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்று தேடி அட்டவணை போட்டால், அது நல்ல கணினிப் பயிற்சி, நல்ல இலக்கியப் பயிற்சியும்கூட.

இனி எல்லாம் செயற்கை நுண்ணறிவுதானே?

இப்போது எழும் பெரிய மறுப்பு இதுதான். மடிக்கணினியோடு செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றின் சந்தாவும் சேர்த்தே வருகிறது. கேட்டால் கடிதம் எழுதித் தரும், சூத்திரம் போட்டுத் தரும். பிறகு எதற்கு எக்செல்? கேட்கத் தெரிய வேண்டும், வந்ததைச் சரிபார்க்கத் தெரிய வேண்டும் என்பதுதான் விடை. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்டால் அது ஏதோ ஒரு எண்ணைத் தயங்காமல் சொல்லும். 1690 முதல் 1698 வரையான முகலாயர் முற்றுகையைப் படித்தவருக்குத்தான் அந்த எண் சரியா என்று தெரியும். 75 கிலோவைக் குவிண்டாலாக மாற்றும் இடத்தில் அது தவறிழைத்தால், ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தவர்தான் பிடிப்பார். துறை அறிவும் கணினி அறிவும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க வேண்டிய தேவை முன்பைவிட இன்று கூடியிருக்கிறது. அவற்றைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடுதான் காலாவதியாகிவிட்டது.

ஆசிரியர் எங்கே என்ற கேள்வி இன்னும் கடினமானது. அரசுக் கல்லூரிகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுகின்றன. ஆய்வகத்துக்கு உதவியாளர் இல்லாத கல்லூரிகள் உண்டு. நான் முதல்வன் பாடங்கள் இந்தக் குறையை இணையவழிக் காணொளியால் நிரப்பப் பார்க்கின்றன. காணொளி ஓடிக்கொண்டிருக்கும், அதைப் போனிலேயே பார்த்து வினாடி வினாவுக்கும் விடை அடித்துவிடலாம். கணினியைத் தொடாமலே கணினிப் பாடம் முடிந்துவிடும் அபாயம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் இப்போது ஒரு வசதி புதிதாக வந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் கருவி இருந்தால் ஆய்வகத்துக்கு வரிசையில் நிற்க வேண்டாம், வகுப்பறையே ஆய்வகம்.

எனவே சில மாற்றங்களை வரும் கல்வியாண்டிலேயே செய்யலாம். இத்தாளுக்கான எழுத்துத் தேர்வை அறவே நீக்கி, இரண்டு மணி நேரச் செய்முறைத் தேர்வாக்க வேண்டும்: ஒரு கோப்பு கொடுக்கப்படும், அதைத் திருத்தி, பெயரிட்டு, இணைத்து மின்னஞ்சலில் அனுப்பினால் மதிப்பெண். ரெக்கார்டு நோட்டுக்குப் பதிலாக, மாணவர் பருவம் முழுக்கச் செய்த கோப்புகளின் தொகுப்பையே மதிப்பிடலாம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஒவ்வொரு துறைப் பாடக்குழுவிடமும் பத்துப் பயிற்சிகள் கேட்டு வாங்கட்டும். கணினித் துறை அவற்றின் செய்முறையை மட்டும் சரிபார்க்கட்டும். தமிழ்99-உம் ஒருங்குறியும் எல்லாத் துறைக்கும் கட்டாயமாகட்டும். இறுதியாண்டு கணினி அறிவியல் மாணவர்கள் முதலாண்டுக் கலை வகுப்புகளில் வாரம் இரண்டு மணி நேரம் உதவினால் அதற்கு ஒரு மதிப்பீட்டுப் புள்ளி கொடுக்கலாம். வெளியிலிருந்து ஆள் தேட வேண்டியதில்லை. முதல் பருவத்தின் முதல் வாரத்தில் மாணவரே தன் மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, தன் கடவுச்சொல்லைத் தானே வைத்து, 50 கே.பி.க்குள் தன் படத்தைச் சுருக்கி, ஒரு மாதிரி விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அதைச் செய்யாதவருக்கு வருகைப்பதிவு கிடையாது என்று வைத்தாலும் தவறில்லை.